மறுக்கத் தெரிய வேண்டிய நிரல்

கைப்பேசியில் உள்ள ஒரு செயலி சர்வருடன் இணையும்போது, சர்வர் தன் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதன் கெடு முடிந்துவிட்டதா, கையொப்பமிட்ட நிறுவனம் நாம் நம்பும் பட்டியலில் உள்ளதா, நாம் தேடி வந்த முகவரிதான் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே செயலி தகவலை அனுப்ப வேண்டும். பிரவுசரில் இந்த வேலை நமக்குத் தெரியாமலே நடக்கும். கோளாறு இருந்தால் எச்சரிக்கைப் பக்கம் வரும். செயலியில் நிரல் எழுதியவர் வைத்ததுதான் காவல்.

அந்தக் காவல் எவ்வளவு எளிதில் தளர்ந்துபோகும் என்பதை 2012இல் ஸ்டான்ஃபோர்டு, டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமேசான், பேபால் நிறுவனங்கள் வணிகர்களுக்கு வழங்கிய பணம் செலுத்தும் நிரல்களிலேயே ஓட்டை இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தது ஓர் எண். கர்ல் என்ற லைப்ரரியில் முகவரியைச் சரிபார்க்கும் செட்டிங்குக்கு 0, 1, 2 என மூன்று மதிப்புகள் இருந்தன. 2 என்றால்தான் முழுச் சோதனை. நிரலாளர்களோ ‘ஆம், சரிபார்’ என்ற எண்ணத்தில் ‘ட்ரூ’ என்று எழுதினார்கள். பிஎச்பி மொழியில் அது 1 ஆகிவிடும். 1 என்றால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, யாருடையது என்று படிக்காமலே உள்ளே விடுவதைப் போல. இத்தனைக்கும் லைப்ரரி தானாக வைத்திருந்த மதிப்பு 2. தொடாமல் விட்டிருந்தாலே பாதுகாப்பாக இருந்திருக்கும்.

இதில் நிரலாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வி போலத் தோன்றும் இடத்தில் மூன்று விடைகளை வைத்தது வடிவமைப்பின் பிழை. அதே ஆண்டு வந்த 7.28.1 பதிப்பில் கர்ல் 1ஐ ஏற்பதை நிறுத்தியது. பைத்தான் மொழியின் சொந்த லைப்ரரியோ 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்பில்தான் சான்றிதழைத் தானாகவே சரிபார்க்கத் தொடங்கியது.

தெரிந்தே செய்யும் தவறு வேறு வகை. அலுவலகத்தின் சோதனை சர்வரில் தாங்களே கையொப்பமிட்ட சான்றிதழ் இருக்கும்; பிழைச் செய்தி வரும்; அவசரத்தில் ‘சரிபார்க்காதே’ என்று பொருள்படும் ‘வெரிஃபை=ஃபால்ஸ்’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பிழைச் செய்தி போய்விடும். வரி போகாது, வாடிக்கையாளர் கைக்குச் செல்லும் பதிப்பிலும் இருக்கும். அந்தச் சான்றிதழின் கோப்பை அதே ‘வெரிஃபை’க்குக் கொடுத்திருந்தால் சோதனையும் நடந்திருக்கும், காவலும் நின்றிருக்கும். அதுவும் ஒரே வரிதான்.

செயலி சரியாக இணைகிறதா என்பதை எல்லோரும் சோதிப்பார்கள். காவலை முற்றிலும் அணைத்துவிட்ட செயலியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பேட்எஸ்எஸ்எல் என்ற தளம் கெடு முடிந்தவை, பெயர் பொருந்தாதவை, தானே கையொப்பமிட்டவை எனப் பழுதான சான்றிதழ்களை வேண்டுமென்றே வைத்திருக்கிறது. உங்கள் செயலியை அந்த முகவரிகளோடு இணைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அது இணைய மறுக்க வேண்டும்.