நாத்தனார் சமாதானம்

நாத்தனார் என்றாலே சண்டைதான் என்று ஜோக் எழுதுகிற ஜாதி நான். இந்த விஷயம் தெரிந்ததும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

1525-ல் பேவியா யுத்தத்தில் பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சிஸ், சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸிடம் சிக்கினார். மறு வருஷம் தன் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்து வெளியே வந்தவர், 'நான் போட்ட கையெழுத்து செல்லாது' என்றுவிட்டார்! பாவம், ஸ்பெயினில் மாட்டிக்கொண்டது சின்னப் பசங்க. 1528-ல் ராஜாவும் சக்கரவர்த்தியும் 'ஒண்டிக்கு ஒண்டி வர்றியா?' லெவலுக்கு இறங்கிவிட்டார்கள்.

1529 ஜூலையில் ராஜாவின் அம்மா லூயிஸும் சக்கரவர்த்தியின் அத்தை மார்கரெட்டும் காம்ப்ரே நகரில் உட்கார்ந்து பேசினார்கள். லூயிஸின் தம்பி மனைவிதான் மார்கரெட்! ஒரே மாசத்தில் ஒப்பந்தம். 20 லட்சம் தங்க நாணயத்துக்குப் பேசி முடித்து, 1530-ல் பசங்க வீடு திரும்பினார்கள்.

1536-ல் ஆம்பளைங்க மறுபடி சண்டைக்குக் கிளம்பியபோது, தடுக்க அந்த நாத்தனார்கள் இரண்டு பேருமே உயிரோடு இல்லை.