அரணுக்குள் அரண்: ஏவுகணைத் தடுப்பின் அடுக்குகள்

அரண் என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. திருக்குறளின் பொருட்பாலில் 75ஆம் அதிகாரத்தின் பெயரே 'அரண்' என்பதாகும். பண்டைய கோட்டையை நினைவிற்கொள்வோம். முதலில் காவற்காடு; அதனைக் கடந்தால் அகழி; அகழியைக் கடந்தால் மதில்; மதிலுக்குள் மற்றொரு மதில். எந்த ஒரு தடையும் முழுமையானதன்று என்பதை உணர்ந்தே முன்னோர் தடைகளை அடுக்கினர். இற்றை நாளில் வல்லரசுகள் வானத்தில் எழுப்பும் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளும் இதே கொள்கையின் மேல் நிற்பவையே. அவை எங்ஙனம் இயங்குகின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதை இக்கட்டுரை சுருக்கமாக விளக்க முற்படுகிறது.

சென்னை கண்ட பாடம்

வான்வழி வரும் அழிவு நம் நகருக்கு அறிமுகமானது 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில். ஜெர்மானியப் போர்க்கப்பலான 'எம்டன்' கரையை நெருங்கிச் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் பற்றியெரிந்தன. குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் காணலாம். 'எம்டன்' என்ற பெயரும், கில்லாடி என்னும் பொருளில், நம் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது.

சென்னையில் அன்று பீரங்கிகள் இல்லாமலில்லை. கரையிலிருந்து அவை சுடவும் செய்தன. ஆயினும் எம்டன் சேதமின்றித் தப்பியது. வருவதை முன்கூட்டி அறியும் கண் இல்லாததே குறை. ஆயுதத்திற்கு முன் அறிவிப்பு வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம். ஏவுகணைத் தடுப்பின் முதல் அடுக்கு ஆயுதமன்று, கண்ணே ஆகும்.

ஏவுகணையின் வழி

எறிபாதை ஏவுகணை என்பது மேல்நோக்கி எறிந்த கல்லைப் போன்றது. அதன் பயணம் மூன்று கட்டங்களை உடையது. எரிபொருள் எரிந்து மேலெழுவது முதற்கட்டம். எரிபொருள் தீர்ந்தபின் வளிமண்டலத்திற்கு அப்பால் தன் வேகத்தாலேயே செல்வது இடைக்கட்டம். புவியீர்ப்பால் இழுக்கப்பட்டு இலக்கின் மீது பாய்வது இறுதிக்கட்டம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவுக்கான முழுப் பயணமும் ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதற்கட்டத்தில் நெருப்புப் பிழம்பு செயற்கைக்கோளுக்கு எளிதில் புலப்படும். ஆனால் அங்கேயே அடித்து வீழ்த்தப் பகைவர் நாட்டிற்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். நடைமுறைக்கு அது அரிது. இடைக்கட்டத்தில் அவகாசம் கூடுதலாகக் கிடைக்கும். எனினும் காற்றற்ற வெளியில் கனமான வெடிமுனையும் இலேசான போலிப் பொம்மையும் ஒரே வேகத்தில் செல்வதால், மெய் எது, பொய் எது எனப் பிரித்தறிவது கடினம். இறுதிக்கட்டத்தில் காற்றே சல்லடையாகிறது: இலேசான போலிகள் பின்தங்க, வெடிமுனை மட்டும் பாய்ந்து வருகிறது. ஆனால் எஞ்சியிருப்பவை சில நொடிகளே. ஒரு கட்டத்தின் குறையை மற்றொரு கட்டம் ஈடுசெய்வதால்தான் அடுக்குகள் தேவைப்படுகின்றன.

இந்தியாவின் அடுக்குகள்

இந்திய ஏவுகணை வரலாற்றில் தமிழகத்தின் பங்கு பெரிது. சைதாப்பேட்டைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து இளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை வளர்ச்சித் திட்டத்திற்குத் தலைமையேற்றார். பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்னும் ஐந்தும் அத்திட்டத்தின் விளைவுகள். அவற்றுள் பிருத்வி தாக்கும் ஏவுகணை. அதன் அடிப்படையில் உருவான தடுப்பு ஏவுகணை, 2006 நவம்பர் 27ஆம் நாள் எதிர்வந்த மற்றொரு பிருத்வியை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் தாக்கியது. 2007 டிசம்பர் 6ஆம் நாள் வேறொரு தடுப்பு ஏவுகணை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் இலக்கை அழித்தது. மேலடுக்கு, கீழடுக்கு என்னும் இரண்டிற்கும் இவ்வாறு அடித்தளம் அமைந்தது. இத்தகைய சோதனைகளுக்குக் களமான ஒடிசாவின் வீலர் தீவு 2015இல் அப்துல் கலாம் பெயரைப் பெற்றது. நெடுந்தொலைவு ஏவுகணைகளை எதிர்க்கும் இரண்டாம் கட்டத்தில், ஏடி-1 என்னும் தடுப்பு ஏவுகணை 2022 நவம்பர் 2ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது.

விமானம், சீர்வேக ஏவுகணை, ஆளில்லா வானூர்தி ஆகியவற்றிற்கு வேறு அடுக்குகள் உள்ளன. 2018இல் உருசியாவுடன் ஒப்பந்தம் செய்யப்பட்ட எஸ்-400 அமைப்பின் மிக நெடிய ஏவுகணை 400 கிலோமீட்டர் வரை எட்டும்; பராக்-8 ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; ஆகாஷ் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்; அதற்கும் கீழே எல்-70 பீரங்கிகள். 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் நிகழ்ந்த மோதலில் பழைய பீரங்கியும் புதிய ஏவுகணையும் ஒரே வலையில் இணைந்து இயங்கின. அவ்வாண்டு விடுதலை நாளன்று, 2035க்குள் இவ்வரணை விரிவாக்கும் 'சுதர்சன சக்கரம்' திட்டத்தைப் பிரதமர் அறிவித்தார்.

கணக்கும் அதன் எல்லையும்

அடுக்கின் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நூறு ஏவுகணைகள் வருவதாகவும், ஓர் அடுக்கு எழுபதைத் தடுப்பதாகவும் கொள்வோம். முப்பது கடந்துவிடும். இரண்டாம் அடுக்கும் அதே திறமுடையதெனில் ஒன்பதே எஞ்சும். மூன்றாம் அடுக்கிற்குப் பின் ஏறத்தாழ மூன்று. ஆனால் இக்கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது: ஓர் அடுக்கின் தவறு மற்றோர் அடுக்கைத் தொற்றக் கூடாது. எல்லா அடுக்குகளுக்கும் ஒரே ராடார்தான் கண் என்றால், அக்கண் கெடும்போது அனைத்தும் ஒருங்கே கெடும்.

சிறு பிழையும் பேரிழப்பாகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிகழ்ந்ததே சான்று. அங்கிருந்த பேட்ரியட் அமைப்பு நூறு மணி நேரத்திற்கும் மேலாக இடைவிடாது இயங்கியது. நொடியின் பத்திலொரு பங்கைக் கணிப்பொறி துல்லியமாகக் குறிக்க இயலாததால், நுண்ணிய பிழை சேர்ந்து சேர்ந்து நொடியின் மூன்றிலொரு பங்காயிற்று. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும். ராடார் தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர் மாண்டனர். திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இசுரேலின் அடுக்குகள் மூன்றுக்குக் குறையாதவை. எனினும் 2025 ஜூனில் ஈரான் ஏவியவற்றுள் சில அவையனைத்தையும் கடந்து நகரங்களில் வீழ்ந்தன.

கேடயமும் போட்டியும்

இன்னும் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, செலவு. மலிவான ஆளில்லா வானூர்தியை விலைமிக்க ஏவுகணையால் வீழ்த்துவோன் வென்றும் தோற்பவனாவான். எனவேதான் கீழடுக்கிற்குப் பீரங்கியும் லேசர் கதிரும் நாடப்படுகின்றன. இரண்டாவது, கேடயமே போட்டியை வளர்க்கும். ஒருவன் கேடயத்தைத் தடித்தாக்கினால் எதிரி அம்புகளைப் பெருக்குவான். இதனை உணர்ந்தே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தடுப்பு ஏவுகணைகளைக் கட்டுப்படுத்தி 1972இல் உடன்படிக்கை செய்தன. 2002இல் அமெரிக்கா அதிலிருந்து விலகிற்று.

முடிவுரை

மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டை, முகலாயப் படையை ஏறத்தாழ எட்டாண்டுகள் தடுத்து நிறுத்தியது, 1698இல் வீழ்ந்தது. அது வீழ்ந்ததை மட்டும் காண்போர் அரண் பயனற்றது என்பர். எட்டாண்டுகளை மட்டும் காண்போர் அரணே போதும் என்பர். இரண்டும் குறைப்பார்வையே. அரண் தருவது வெற்றியன்று, காலம். வானத்து அரணும் அவ்வாறே: ஆட்சியாளர்க்குச் சில நிமிடங்களையும், சினம் தணிந்து பேசுவதற்குச் சில நாட்களையும் அது ஈட்டித்தரும். அவ்வாறு கிடைத்த காலத்தை எதற்குச் செலவிடுவது என்பதை எந்த ராடாரும் சொல்லாது. அது பொறியாளர் தீர்க்கும் வினாவன்று. குடிமக்களும் அவர்தம் ஆட்சியாளரும் கூடித் தீர்க்க வேண்டிய வினாவாகும்.