நித்தியகல்யாணி

உங்கள் வீட்டு வாசலில் இந்தச் செடி இருக்கிறதா? இளஞ்சிவப்புப் பூ. சிலவற்றில் வெள்ளைப் பூ. ஐந்து இதழ்கள். பளபளப்பான பச்சை இலை. இரண்டு, மூன்று அடி உயரம் வளரும். ஆண்டு முழுவதும் பூக்கும். இதுதான் நித்தியகல்யாணி.

நித்தியம் என்றால் எப்போதும் என்று பொருள். சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இந்தியில் சதாபஹார் என்பார்கள். வங்காளத்தில் நயன்தாரா என்பார்கள்.

இது நம் நாட்டுச் செடி அல்ல. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்ற தீவு இருக்கிறது. அங்கிருந்து வந்தது. இப்போது இந்தியா முழுவதும் இருக்கிறது. விதை விழுந்தாலே முளைக்கும். கிளையை ஒடித்து நட்டாலும் வளரும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் இதைக் கடிப்பதில்லை. ஏன் என்று யோசித்தது உண்டா?

எங்கள் மையத்தில் ஒரு அக்கா படிக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். ஒரு நாள் அவர் சொன்னார்: "நான் இப்போது மாத்திரை போடுவதில்லை தம்பி. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கிறேன். பூச்செடிதானே, என்ன செய்துவிடும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தேன். புத்தகங்களைப் படித்தேன். அப்போது ஒரு பெரிய கதை தெரிந்தது.

தபாலில் வந்த இலைகள்

ஜமைக்கா என்ற தீவிலும் மக்கள் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு டாக்டர் சில இலைகளைக் கனடா நாட்டுக்குத் தபாலில் அனுப்பினார். ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்ந்தார்கள்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை. பிறகு ஊசி மூலம் செலுத்தினார்கள். எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. கிருமிகள் தாக்கி எலிகள் செத்தன.

விஞ்ஞானிகள் யோசித்தார்கள். இரத்தப் புற்றுநோயில் கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. அவற்றை இந்தச் சாறு தடுக்குமா? தடுக்கும் என்று தெரிந்தது. சாற்றில் இருந்த மருந்தைத் தனியாகப் பிரித்தார்கள். 1958இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதன் பெயர் வின்பிளாஸ்டின். பிறகு வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் இதே செடியிலிருந்து கிடைத்தது.

புற்றுநோய் அணு ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இப்படிப் பிரிந்து பெருகுவதை இந்த மருந்துகள் தடுக்கின்றன. முன்பு இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்று வின்கிரிஸ்டினோடு வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பல குழந்தைகள் பிழைத்துப் பள்ளிக்குப் போகிறார்கள்.

இலையைக் குடிக்கலாமா?

குடிக்கக் கூடாது. இந்தச் செடியில் 100க்கும் மேற்பட்ட வீரியமான பொருள்கள் உள்ளன. ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தையும் டாக்டர் அளந்து, ஊசி மூலம் இரத்தக் குழாயில் மட்டுமே ஏற்றுவார். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் அரைக்கும் சாற்றில் எது எவ்வளவு இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இலையைத் தின்றால் வாந்தி, மயக்கம் வரலாம். நரம்புகள் பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். புற்றுநோய்க்கும் இலைச் சாறு மருந்து ஆகாது. குழந்தைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். சர்க்கரை மிகவும் கூடியிருந்தது. டாக்டர் மறுபடியும் மாத்திரை கொடுத்தார்.

அக்கா செடியைப் பிடுங்கவில்லை. "பூ பூக்கட்டும். இனி இலையைத் தொட மாட்டேன்" என்றார். மாத்திரைச் சீட்டில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி அவரே படித்தார்.

நீங்களும் நித்தியகல்யாணி வளருங்கள். பூவைப் பாருங்கள். மருந்துக்கு டாக்டரிடம் போங்கள்.