புன்னைக்காயல்: மதியும் ஓதமும் மீன்பாடும்

பொதிகையில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையின் வயல்களையெல்லாம் செழிப்பித்து வரும் தாமிரபரணி, மன்னார் வளைகுடாவோடு சங்கமமாகும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில், கடலின் ஏற்றமும் வற்றமும் நாளொன்றுக்கு இருமுறை நிகழ்ந்து, தினந்தோறும் ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்துகின்றன. சூரிய சந்திரர் பூமியுடன் நேர்கோட்டில் நின்று ஒருமித்து ஈர்க்கும் அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டி ஏற்றம் உயர்ந்து நீரோட்டம் வலுக்க, அஷ்டமியை ஒட்டி அது தளர்கிறது.

நிலவொளியில் வலையைக் கண்டு விலகும் சாளை மீன், இருட்டு நாட்களில் எளிதில் அகப்படுமாதலின், வலைஞர் அமாவாசையை அடுத்த இரவுகளையே பெரிதும் விரும்புவர்.

மதியோடு காற்றும் மீன்பாட்டுக்குத் துணையாகிறது: தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரை அகற்ற, குமரிமுனையை ஒட்டிய கடலில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, தான் கொணரும் சத்துக்களால் நுண்ணுயிர்களைப் பெருக்கி, அவற்றை உண்ணும் மீன்கூட்டங்களைத் திரளச் செய்கிறது.