‘ரிக்கோ’ என்றால் பணமா, சுவையா?

ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்கும் நண்பர்கள் விரைவிலேயே சந்திக்கும் பெயரடை ‘ரிக்கோ’. ‘செல்வம் மிக்க’ என்று அகராதி சொல்லும். அதை மட்டும் மனனம் செய்துகொண்டு சாப்பிட உட்கார்ந்தால் குழப்பம்தான். ‘லா சோப்பா எஸ்தா ரிக்கா’ என்பதற்கு ‘சூப் சுவையாக இருக்கிறது’ என்று பொருள். சூப்பிடம் பணமேது!

ஆளைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் ‘இருக்கிறார்’ என்று முடிக்கும் இடத்தில் ஸ்பானியத்தில் இரு வினைகள் உண்டு. இயல்பைக் கூற ‘எஸ்’, அப்போதைய நிலையைக் கூற ‘எஸ்தா’ என்று தோராயமாகக் கொள்ளலாம். ‘ஹுவான் எஸ் ரிக்கோ’ என்றால் ஹுவான் பணக்காரர். ‘ஹுவான் எஸ்தா ரிக்கோ’ என்றாலோ, அவர் உடலழகைக் கண்டு நாவூறுவதாகப் பொருள்படும். விரிவுரையாளரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு வகுப்பில் தலைநிமிர முடியாது.

இச்சொல்லின் வேர் கோத்திய மொழியில் உள்ளது. அங்கே அது ஆட்சியாளனை, வலிமை உடையவனைக் குறித்தது. அதிகாரம் இருந்த இடத்தில் பணமும் சேர்ந்தது போலும்.

தமிழில் ‘நல்ல பையன்’, ‘நல்ல பெண்’ என்னும்போது பெயரடை மாறுவதில்லை. ஸ்பானியத்தில் மாறும்; பெரும்பாலும் பெயருக்குப் பின்னேயும் வரும். துறைமுகம் ஆண்பால், ஆகவே புவேர்ட்டோ ரிக்கோ. கடற்கரை பெண்பால், ஆகவே கோஸ்டா ரிக்கா. உலகப்படத்திலேயே இலக்கணப் பாடம்!