தொடக்கக் காலக் கிறித்தவம்: எதை, எந்த வரிசையில் படிப்பது?

கிறித்தவத்தின் தோற்றம் குறித்து நம்மவரிடையே இரு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. கி.பி. 325இல் நிகேயாவில் கூடிய ஆயர்கள் நான்கு நற்செய்தி நூல்களைத் தேர்ந்துகொண்டு ஏனையவற்றை ஒதுக்கிவிட்டனர் என்பது ஒன்று. பர்னபாவின் பெயரால் வழங்கும் நூலே உண்மையான இஞ்சீல் என்பது மற்றொன்று. மேடைகளில் ஐயமின்றி எடுத்துரைக்கப்படும் இவ்விரண்டும் சான்றுகளின் முன் நிற்பதில்லை.

நிகேயப் பேரவை ஆரியஸின் கொள்கையையும் உயிர்ப்பு விழாவின் நாளையும் ஆராய்ந்தது. திருச்சபை ஒழுங்கு பற்றி 20 விதிகளை இயற்றியது. அவற்றுள் வேத நூல்களின் பட்டியல் இல்லை. நற்செய்திகள் நான்கே என்று லியோன் நகர ஆயர் இரனேயு ஏறத்தாழ 180ஆம் ஆண்டிலேயே வாதிட்டிருந்தார். இன்றுள்ள 27 நூல்களும் அப்படியே அடங்கிய பட்டியலோ, அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய மடலில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது. பர்னபா நூலின் இத்தாலியக் கையெழுத்துப் படி 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. யூபிலி ஆண்டு நூறாண்டுக்கு ஒருமுறை வருவதாக அந்நூல் கூறுகிறது. தவ்ராத்தில் அது ஐம்பதாம் ஆண்டு; நூறாண்டுக் கணக்கு போப் எட்டாம் போனிஃபாஸ் 1300இல் வகுத்தது.

பிழையான சான்றைக் கொண்டு நம்பிக்கையைக் காக்க முனைந்தால், சான்று சரியும்போது நம்பிக்கையும் ஐயத்துக்குள்ளாகிறது. எனவே மூலங்களை நாமே படிப்பது கடமையாகிறது.

புதிய ஏற்பாட்டை அச்சில் உள்ள வரிசையில் அல்லாமல் எழுதப்பட்ட வரிசையில் படிக்க வேண்டும். முதலில் வருவது மத்தேயு. ஆனால் முந்தியவை பவுலின் மடல்களே. அவர் பெயரிலுள்ள 13 மடல்களுள் ஏழினை அவரே எழுதினார் என்பதில் அறிஞரிடையே பொதுவாகக் கருத்து வேறுபாடில்லை. அவை 50ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிப் பத்தாண்டு அளவில் எழுந்தவை. மாற்கு நற்செய்தி 70ஆம் ஆண்டை ஒட்டியது. ஏனைய மூன்றும் அதற்குப் பிந்தியவை என்பதே பெரும்பான்மைக் கருத்து.

ஒரே ஒரு மடலைப் படிக்க வாய்ப்புண்டு என்றால் கலாத்தியருக்கு எழுதியதைப் படியுங்கள். அதன் முதல் இரண்டு அதிகாரங்களில், எருசலேமில் பேதுருவையும் இயேசுவின் சகோதரரான யாக்கோபையும் சந்தித்ததைப் பவுலே கூறுகிறார். பின்னர் அந்தியோக்கியாவில் யூதரல்லாதாருடன் உணவருந்திவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார். மூஸா நபியின் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும் என்ற பூசல், ஈசா நபி (அலை) அவர்களின் காலத்தை அடுத்த ஒரு தலைமுறைக்குள்ளேயே எழுந்துவிட்டதை இங்குக் காண்கிறோம். யாக்கோபு கொல்லப்பட்ட செய்தியை யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் தம் ‘யூதத் தொன்மைகள்’ நூலின் 20ஆம் பகுதியில் தருகிறார்.

அதே பவுலின் பிலிப்பியர் மடல் நமக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்கிறது. அதன் இரண்டாம் அதிகாரத்தில் இயேசு மிக உயர்ந்த நிலையில் போற்றப்படுகிறார். ஆகவே அவரை வழிபடும் போக்கு கான்ஸ்டன்டைன் மன்னரின் காலத்தில் திடீரெனப் புகுத்தப்பட்டது என்று கூற இயலாது. லாரி ஹுர்ட்டாடோவின் ‘லார்ட் ஜீசஸ் கிரைஸ்ட்’ (2003) இதை விரிவாக ஆராய்கிறது. முதற்கிறித்தவர் இயேசுவை வழிபட்டனரா என்று வினவும் ஜேம்ஸ் டன்னின் நூல் (2010) அதற்கு மறுபக்கம் நின்று பேசுகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம்மவர் அடிக்கடி மேற்கோள் காட்டும் பார்ட் எர்மனும் தம் 2014ஆம் ஆண்டு நூலில் இவ்வுயர்வு மிகத் தொடக்கத்திலேயே தோன்றியது என்று ஏற்கிறார். அந்தப் பக்கங்களை நாம் மேற்கோள் காட்டுவதில்லை.

யூதச் சூழலை அறிய, சாக்கடல் சுருள்களை மொழிபெயர்த்த கேஸா வெர்மெஷின் ‘ஜீசஸ் த ஜூ’ (1973) சிறந்த வாயில். கலிலேயாவின் யூத இறையடியார் மரபில் வைத்து இயேசுவை அவர் நோக்குகிறார். புதிய ஏற்பாட்டுப் படிகளின் வேறுபாடுகளுக்கு புரூஸ் மெட்ஸ்கர். முதல் நூற்றாண்டுகளின் முழு வரலாற்றுக்கு ஹென்றி சாட்விக்கின் ‘தி ஏர்லி சர்ச்’ (1967). செசரியாவின் யூசேபியு எழுதிய பத்துப் பகுதித் திருச்சபை வரலாற்றை எச்சரிக்கையுடன் அணுகுக: அவர் கான்ஸ்டன்டைனைப் புகழ்ந்தவர், எனினும் அழிந்துபோன பல நூல்களின் பகுதிகள் அவரால்தான் எஞ்சியுள்ளன.

இது நமக்குப் புதிய வழியன்று. ஏறத்தாழ ஆயிரமாவது ஆண்டில் எழுதிய ‘அல்ஆஸாருல் பாக்கியா’வில் அல்பீரூனி, மெல்கியக் கிறித்தவரின் விழாக்களையும் நெஸ்டோரியரின் விழாக்களையும் தனித்தனியே பிரித்து வரிசைப்படுத்தினார். மறுக்கும் முன் அறிந்துகொண்டார். அவருடைய நூலைப் பெருமையுடன் குறிப்பிடும் நாம், அவர் காட்டிய உழைப்பையும் மேற்கொள்ள வேண்டும். கலாத்தியர் மடல் ஆறே அதிகாரங்கள் கொண்டது. ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். அங்கிருந்து தொடங்குவோம்.