பாலிஷ் போடும் முன் மைக்ரான் கேளுங்கள்

வருடக்கணக்கில் வெயிலில் நின்ற காரில் கூரையும் பானெட்டும்தான் முதலில் வெளுக்கும். கதவுகள் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். டீடெய்லிங் கடைகள் இந்த மங்கலைப் போக்கித் தருவதாகச் சொல்கின்றன, பல நேரம் போக்கியும் தருகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் அவை சொல்வதில்லை. இப்போதைய கார்களில் நிறப் பூச்சுக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு உண்டு. ப்ரைமர் முதல் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50, தலைமுடியின் தடிமன்கூட இல்லை. புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இதுதான். ரப்பிங் காம்பவுண்டும் பஃபிங் மெஷினும் கெட்டுப்போன மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, அடியிலுள்ள நல்ல பரப்பை வெளிக்கொண்டு வருகின்றன. தேய்ந்தது திரும்ப வளராது. ஆகவே எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் யாரும் மெஷினைத் தொடக் கூடாது; பார்த்ததை உரிமையாளருக்குச் சொல்லியாக வேண்டும்.

பெயின்ட் தடிமனைக் காட்டும் சிறு கருவி உண்டு. அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. ஆனாலும் ஒரு பகுதி மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் முன்பே தேய்த்திருக்கிறார்கள், மிக அதிகமாகக் காட்டினால் மறுபெயின்ட்டோ பட்டியோ இருக்கிறது என்று ஊகிக்கலாம். கிளியர் கோட் தோல் உரிவதுபோல் உரிந்துவிட்டால் எந்தப் பாலிஷும் பலிக்காது. அந்தப் பகுதிக்கு மறுபெயின்ட் ஒன்றே வழி. செராமிக் கோட்டிங்கும் வெளுத்த நிறத்தை மீட்காது. அதன் விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தை உச்சியில் வைக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை.

மென்மையான பாலிஷ் பெரிதாக எதையும் எடுத்துவிடாதே என்பார்கள். உண்மைதான், ஆபத்து இருப்பது கடுமையான காம்பவுண்டிலும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதிலும், இதையே அடிக்கடி செய்வதிலும். எந்த முறை என்று எழுதிக் கேட்டால் கடைக்காரர் நம்மைச் சண்டைக்கு வந்தவர்போலப் பார்க்கக்கூடும். பார்க்கட்டும். சேவையின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பில் தர மறுப்பதையும் அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

சில ஆயிரம் ரூபாய்க்காக வழக்கா என்ற தயக்கம் நியாயமானதே. அதனால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். ஆணையம் ஆதாரம் கேட்கும் என்பதால் வேலைக்கு முன் எடுத்த படங்களும், தடிமன் அளவு எழுதிய ஜாப் கார்டும், பில்லும் கையில் இருக்கட்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கடை விளக்கில் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மெஷின் விட்ட சுழல் கீறல்கள் நேர் வெயிலில்தான் தெரியும். இருந்தால் அதே ஜாப் கார்டில் எழுதிவிட்டு வாங்குங்கள்.